கூடம் கோணல்

பட்டியலில் கடைசிக்கு முந்தைய விலை.
கடைசி விலைக்காரனை வாங்க எனக்கே பயம்.
தெற்கே மீன் இறக்கித் திரும்பிய லாரியில்
காலிப் பெட்டிகளுக்கு நடுவே
கவிச்சி வாடையோடு வந்து இறங்கியது மேசை ரம்பம்.
பதினெட்டுத் திருகாணி, பதினேழு துளை.
ஆறு மொழியில் எச்சரிக்கை.
பூட்டும் விதத்துக்கு ஒரே படம்,
அதிலும் ஒரு கை மட்டும்.

ஹோல்மாவிக்கில் பலகைக்கு ஆகிற மரம் முளைப்பதில்லை,
கரையொதுங்குகிறது.
சைபீரிய ஆறுகளில் தப்பிய கட்டைகள்
பனிக்கட்டியோடு வருடக்கணக்காய் அலைந்து
பட்டை உரிந்து, உப்பேறி, சாம்பல் நிறத்தில்.
அப்படி வந்த ஒன்றில்
துணி துவைக்கும் அறை ஜன்னலுக்கு ஒரு சட்டம்.
அவ்வளவுதான் என் ஆசை.

நான் இறால் ஆலையில் எடை பார்ப்பவள்.
இரண்டு கிராம் கூடினாலும் விரல் சொல்லிவிடும்.
முதல் சனிக்கிழமை
புதிய மூலமட்டத்தைத் தகட்டோரம் நிறுத்தினேன்.
கீழே ஒட்டியது, மேலே வெளிச்சம்.
மயிரிழைதான்.
ஆனாலும் வெளிச்சம் வெளிச்சம்தானே.
திருகைக் கால் சுற்றுத் திருப்பி அணைத்தேன் அதை.
குறுக்குத் தாங்கியையும் அதே மட்டத்துக்கு இழுத்து வைத்தேன்.
சட்டம் பூட்டியபோது
மூன்று மூலைகள் கட்டிப்பிடித்துக்கொண்டன.
நான்காவது வாயைப் பிளந்தது.

இரண்டாம் சனிக்கிழமை மேசைக்கடியில் மல்லாந்தேன்.
ஸ்டெய்னார் டார்ச் பிடித்தான்.
தகட்டின் ஒரு பல்லுக்கு நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு.
அதே பல்லை முன்னே அளந்து,
சுழற்றிப் பின்னே அளந்து,
நான்கு மரையைத் தளர்த்தி மரச்சுத்தியால் தட்டித் தட்டி.
"கொஞ்சம் இடது."
"யாருக்கு இடது?"
பதினோரு வருடக் கல்யாணத்தில்
இதைவிடப் பெரிய சண்டை நாங்கள் போட்டதில்லை.
கடைசியில் பள்ளமும் தகடும்
நூல் பிடித்த மாதிரி நின்றன.
நான்காவது மூலை
அப்போதும் வாயை மூடவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை
பென்சில் உருண்டு பலகைக்கு மறுபுறம் விழுந்தது.
சுற்றிப்போக அலுத்து
மூலமட்டத்தை அப்படியே புரட்டிப் போட்டு
முந்தைய கோட்டின் அடியிலிருந்து
இன்னொரு கோடு இழுத்தேன்.
ஒரே புள்ளியில் கிளம்பிய இரண்டும்
நுனியில் மூன்று மில்லி விலகி நின்றன,
பேச்சுவார்த்தை முறிந்த பங்காளிகள் போல.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ரம்பம் முதல் நாளே நேராகத்தான் இருந்திருக்கிறது.
நானல்லவா அதற்குக் கோணல் கற்பித்தேன்,
எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு கவனமாக!
வலப்பக்கம் சொன்ன பொய்யை
இடப்பக்கம் அதே அளவுக்குச் சொல்லியிருந்தது மட்டம்.
இரண்டுக்கும் சரிநடுவே புள்ளி வைத்து
மூன்றாவது கோடு இழுத்தேன்.
அந்தப் பலகைதான் இப்போது என் மூலமட்டம்.

திருப்பியதையெல்லாம் திருப்பினேன்.
அறுத்தேன், பூட்டினேன்.
நான்கு மூலையிலும்
என் சம்பளச் சீட்டு நுழைய மறுத்தது.
அன்றிரவு அதைச் சாப்பாட்டு மேசைமேல் சாய்த்துவைத்து
எதிரில் உட்கார்ந்து மீன்சூப் குடித்தோம்.

காலையில் ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போனால்
இடது கீழ்மூலை இடிக்கிறது,
வலது மேல்மூலையில் இரண்டு விரல் காற்று.
யாரோ படகுக்காரர்கள்
மீன் படாத மாதங்களில் எழுப்பிய வீடு.
மெல்ல மெல்லக் கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
பாவம், அவள் கூடத்தை
ஒருவராவது அளந்து பார்த்தார்களா?

மறுபடி பட்டறை.
ஸ்டெய்னார் கேட்காமலே டார்ச்சோடு வந்தான்.
தாங்கியின் மரையைத் தளர்த்தினேன்.
தராசில் வெறும் தட்டை வைத்துப் பூஜ்யமாக்குவேனே,
அதே நிதானம் கைக்கு வந்திருந்தது.
"எவ்வளவு?"
"ஒன்றரை டிகிரி."
"எந்தப் பக்கம்?"
"வீட்டுப் பக்கம்."